தினம் பன்னிரண்டு அடி

பொன்மாரியும் அவள் தங்கை சந்தனமும் எங்கள் ஊருக்கு வந்து இறங்கிய வைகாசி மாதத்தில் பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஐந்து. அம்மா செங்கல் சூளையில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தாள். அப்பா லாரியோடு வடக்கே போனவர் மூன்று வருடமாகத் தகவல் இல்லை. அதற்குள் அந்தப் பிள்ளைகள் நாலு இடம் மாறியிருந்தார்கள். ஐந்தாவதாக அவர்களை வேறு வேறு ஜில்லாவில் இருக்கிற இரண்டு காப்பகங்களுக்கு அனுப்ப வேண்டிய நிலைமை வந்தபோது, குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி புனிதவதி எங்கள் கவுன்சிலர் கோமதிக்குப் போன் செய்து, குடும்பத்தில் வைத்து வளர்க்க உங்கள் ஊரில் யாராவது உண்டா என்று கேட்டார். கோமதி வார்டு கூட்டத்தில் குடிதண்ணீர்ப் பிரச்சினைக்கும் தெருவிளக்குப் பிரச்சினைக்கும் நடுவில் அதைச் சொன்னாள். இரண்டு கைகள் உயர்ந்தன.

ஒரு கை தபால்காரர் நல்லபெருமாளுடையது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு அவரும் மனைவி உலகம்மாளும் ஊரின் மேற்குக் கடைசியில், குளத்தங்கரையில், மேற்குப் பார்த்த ஓட்டு வீட்டில் இருந்தார்கள். இன்னொரு கை எஸ்தருடையது. ஊரின் கிழக்குக் கடைசியில் கீழத்தெருவில் ஒற்றை அறை வீட்டில் தையல் மிஷினோடு தனியாக இருந்தவள். அதிகாரிகள் டேப் பிடித்து அளந்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒரு பிள்ளைக்குத்தான் விதிப்படி இடம் இருந்தது. ஆகவே பொன்மாரி எஸ்தர் வீட்டுக்கும் சந்தனம் உலகம்மாள் வீட்டுக்கும் போனார்கள். நடுவில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம் இருந்தது. ஒரே ஊர்தானே என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

சந்தனம் அழவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், அங்கன்வாடிக்குப் போனாள், உலகம்மாளை அத்தை என்று கூப்பிட்டாள். சாயங்காலமானால் மட்டும் வீட்டின் பின்பக்கம் போய் கிழக்குச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, மாட்டைத் தள்ளுகிறவள் மாதிரி, சற்று நேரம் நிற்பாள்.

"அங்க என்ன செய்யுத, தாயி?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"அக்கா இந்தப் பக்கந்தான இருக்கா."

உலகம்மாள் விளக்கு ஏற்ற உள்ளே போனாள்.

ஒன்பதாம் நாள் விடிகாலை கோலப்பொடியோடு கதவைத் திறந்த உலகம்மாள், முந்தின நாள் போட்ட கோலம் வாசலில் இல்லாமல் எட்டத்தில் கிடப்பதைப் பார்த்தாள். புள்ளி ஒன்றுகூடக் கலையவில்லை. புருஷனைக் கூப்பிட்டாள். நல்லபெருமாள் பல் விளக்கியபடியே வந்து, குதிகாலும் விரலுமாக அடி வைத்து அளந்தார். பன்னிரண்டு அடி. பின்பக்கம் போய்ப் பார்த்தார். எட்டத்தில் நின்ற கறிவேப்பிலைச் செடி ஜன்னல் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. வீடு விட்டுவிட்டு வந்த இடத்தில் பள்ளமோ கல்லோ இல்லை. மாடு படுத்து எழுந்த இடம் மாதிரி மண் அமுங்கி, ஈரமாக, லேசான சூட்டோடு இருந்தது.

"வீடு நகந்திருக்கு," என்றார்.

"எந்தப் பக்கமாம்?"

"கிழக்காம."

உலகம்மாள் திரும்பி, பின்சுவருக்குப் பக்கத்தில் பாயில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். பிறகு புது வாசலில் தண்ணீர் தெளித்துப் புதுக் கோலம் போட்டாள். நல்லபெருமாளுக்கு எட்டு மணிக்குத் தபால் பை வந்துவிடும் என்பதால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்றிலிருந்து தினம் பன்னிரண்டு அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது எப்படி நகர்கிறது என்று பார்க்க விடிகாலையில் கூட்டமாக வந்து நின்றவர்கள் உண்டு. ஆனால் அந்த நேரம் வரும்போது நின்றவர்கள் அத்தனை பேருக்கும் ஒன்றுபோலக் கண் இமைக்க வேண்டியிருந்தது. இமைத்துத் திறந்தால் வீடு தள்ளி நின்றது. உள்ளே அடுப்பில் வைத்த பால்கூடச் சிந்தியிருக்காது. சுவரில் கை வைத்துப் பார்த்தவர்கள், சினைப்பசுவின் வயிற்றில் கை வைத்த மாதிரி ஒரு சூடும், உள்ளே எங்கோ மெல்லிய அசைவும் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது என்று சொல்வதைவிட, அதற்குத் தக்கபடி தன்னை ஒதுக்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். லைன்மேன் அந்தோணி ஒரு சுருள் ஒயரைக் கூரையில் ஏற்றி வைத்து, நாள்தோறும் காலையில் வந்து பன்னிரண்டு அடி இழுத்துவிட்டுப் போனான். பேரூராட்சி தண்ணீர்க் குழாய்க்கு நீளமான ரப்பர் ஹோஸ் கொடுத்தது. நல்லபெருமாள் தன் வீட்டுக்கு வந்த தபாலைத் தானே தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வீடு வந்த வழியில் மேற்கே, மழை அழிக்கும்வரை, கோலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு கிடந்தன. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அவற்றை மிதிக்காமல் சுற்றிப்போனார்கள்.

முதலில் வந்தது உடைமரக் காடு. வீடு முதல் மரத்தின் முன்னால் நின்றுவிட்டது. அப்போதுதான் எங்களுக்கு அதன் சுபாவம் தெரிந்தது. அது எதையும் இடிக்காது, எதையும் சுற்றிப் போகாது, வழி கிடைக்கும்வரை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கோமதி அரிவாளோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு நாற்பது பேர். காடு முடிந்ததும் பிச்சைக்கனியின் கத்தரித் தோட்டம் வந்தது. பிஞ்சு பிடித்திருந்த நேரம். வீடு வரப்போரத்தில் இரண்டு நாள் நின்றது. பிச்சைக்கனி மூன்றாம் நாள் காலையில் நடுவில் இருந்த நாலு பாத்திச் செடிகளை வேரோடு மண்ணோடு எடுத்து ஓரமாக நட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து, "வாங்க," என்றார்.

இப்படி நகர்ந்து நகர்ந்து வந்ததில் ஒன்று நடந்தது. எங்கள் ஊரில் வழியோரம் இருந்த வீடெல்லாம் சந்தனத்துக்கு இரண்டு நாளோ மூன்று நாளோ பக்கத்து வீடாயிற்று. சலூன் கடைக்கு எதிரே நின்ற நாட்களில் கடைக்காரர் அவளுக்கு முடி திருத்திவிட்டார். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நின்றது நோன்புக் காலம் என்பதால், கஞ்சி வாளி முதலில் அவளிடம் வந்தது. சத்துணவு சமைக்கும் பார்வதி வீட்டுப் பக்கம் நின்றபோது சந்தனத்துக்கு அம்மை போட்டிருந்தது. பார்வதி வேப்பிலைக் கொத்தோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீடு தன் எல்லையைத் தாண்டிப் போன பிறகும், அம்மை இறங்கும்வரை, கூடவே தினம் பன்னிரண்டு அடி நடந்து வந்து உட்கார்ந்தாள். மெயின் ரோட்டைக் கடக்க நாலு நாள் ஆயிற்று. பஸ்கள் சந்துவழியாகப் போயின. கண்டக்டர்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி அவளுக்குக் கையாட்டினார்கள். யார் வீட்டுப் பிள்ளை, என்ன ஆள்கள் என்று ஆரம்பத்தில் விசாரித்தவர்களிடம் உலகம்மாள் "எங்க வீட்டுப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவந்தாள். ரோட்டைத் தாண்டிய பிறகு கேட்பவர்கள் இல்லை.

ஞாயிறுதோறும் பொன்மாரி வந்துபோனாள். அவள் தங்கையைப் போல இல்லை, யாரிடமும் ஒட்டாதவள். ஒவ்வொரு ஞாயிறும் தான் நடக்க வேண்டிய தூரம் குறைந்திருப்பதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. எஸ்தர் மட்டும் சொன்னாள். "காலையில எந்திரிச்சதும் மாடிப்படியில ஏறி நின்னு மேற்க பாக்கா. பாத்துட்டுப் பேசாம இறங்கி வந்து பல்லு விளக்குதா."

ஆறாம் மாதம் புனிதவதி பார்வையிட வந்தார். பதிவேட்டில் இருந்த கதவு எண்ணைத் தேடிக் குளத்தங்கரைக்குப் போய், வெறும் தரையைப் பார்த்துவிட்டு, கோலங்களின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து சேர்ந்தார். விடிகாலையில் எங்களோடு நின்று அவரும் கண் இமைத்தார். சுவரில் வெகுநேரம் கை வைத்திருந்தார்.

"என்னால இத எழுத முடியாதும்மா," என்று கோமதியிடம் சொன்னார். குரல் தாழ்ந்திருந்தது. "வருஷம் முடிஞ்சதும் மறுபரிசீலனை வரும். நிலையான முகவரி இல்லாத வீட்டுல பிள்ளைய வைக்கிறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது. அதுக்குள்ள வீடு ஒரு இடத்துல நின்னாகணும். இல்லன்னா இவளக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

கோமதி, வீடு நின்ற இடத்துக்கும் கீழத்தெருவுக்கும் இடையே இருந்த தூரத்தை மனதுக்குள் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தாள். தடையில்லாமல் போனால் நாள் இருந்தது.

அதன்பிறகு ஊர் அவசரப்பட்டது. மாட்டுக்கொட்டகைகள் முன்கூட்டியே பிரிக்கப்பட்டன. ஒரு கட்சிக்காரர்கள் கொடிக்கம்பத்தைப் பிடுங்கி ஓரமாக நட்டார்கள், அதைப் பார்த்து அடுத்த கட்சிக்காரர்களும் பிடுங்கினார்கள். பங்குனி பிறந்தபோது வீடு தளவாயின் அரிசி மில் களத்துக்குள் நுழைந்தது. தளவாய் அதிகம் பேசாத, கறாரான ஆள். ஆனாலும் களத்தில் காய்ந்த நெல்லை அவரே நின்று ஒதுக்கச் செய்தார். ஒன்பது நாள் வீடு அவர் களத்தைக் கடந்தது. ஒன்பது நாளும் சந்தனம் நெல்லுக்குள் காலை விட்டுக் கோடு இழுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், ஆனால் நடையைச் சுருக்கிக்கொள்வார்.

பத்தாம் நாள் வீடு களத்தின் கிழக்கு ஓரத்தில் சுவரின் முன்னால் நின்றது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு கோயில் கொடைவிழாத் தகராறுக்குப் பிறகு, தளவாயின் அப்பா முன்னே நிற்க மேலத்தெருக்காரர்கள் சேர்ந்து எழுப்பியது. எட்டடி உயரம், கீழத்தெருவின் நீளத்துக்கு நீளம். கீழத்தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும், கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்கும், பிணங்கள் சுடுகாட்டுக்கும் மெயின் ரோடு வழியாகச் சுற்றித்தான் போயாக வேண்டும். வீடு கிழக்கே நகரத் தொடங்கிய முதல் நாளே, அது போகிற வழியில் அந்தச் சுவர் இருக்கிறது என்பது எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். காடு வெட்டும்போதும் தெரியும், கத்தரிச்செடி பிடுங்கும்போதும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

வீடு நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடப்பாரையோடு யாரும் வரவில்லை. சாயங்காலங்களில் சந்தனம் சுவருக்கு இந்தப் பக்கமும் பொன்மாரி அந்தப் பக்கமும் முதுகு சாய்த்து உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். எஸ்தரின் வீடு சுவருக்கு அந்தப் பக்கம் பதினைந்து அடிக்குள்தான் இருந்தது. அரைத்துக்கொண்டிருக்கும் மில்லைத் தளவாய் அந்த நேரத்தில் நிறுத்திவிடுவதை வேலைக்காரர்கள் கவனித்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கிறதற்காக இருக்கும். பெரிதாக ஒன்றுமில்லை. என்ன சாப்பிட்டாய், யார் அடித்தார்கள், பல் ஆடுகிறதா, அவ்வளவுதான்.

கோமதி கூட்டம் போட்டாள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பந்தலில், தனித்தனியாக, உட்கார்ந்தன. கடைசியில் தளவாய் எழுந்தார்.

"வீட்டு அகலத்துக்குச் சுவர இடிச்சுவிடுதேன். வீடு அந்தப் பக்கம் போனதும் என் செலவுல திரும்பக் கட்டிக்கிடுதேன். பிள்ளைக்காக இதச் செய்யுதேன்."

பந்தலில் நிம்மதியான சலசலப்பு எழுந்தது. எஸ்தர் எழுந்து நின்றதும் அடங்கியது.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "ஒரு வீடு வாரதுக்குத் திறந்து, வந்ததும் மூடுற சுவரு எங்களுக்கு வேண்டாம். போனா முழுசும் போகணும். இல்லன்னா அப்படியே நிக்கட்டும்."

"அப்பம் பிள்ளய ஜீப்புல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவாங்களே," என்றார் தளவாய்.

"தெரியும்," என்றாள் எஸ்தர். கூட்டம் எதுவும் முடிவு செய்யாமல் கலைந்தது. எஸ்தர் கல்நெஞ்சுக்காரி என்று மேலத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்று முழுக்க அவள் மிஷின் ஓடவில்லை என்று கீழத்தெருவில் சொன்னார்கள்.

கெடு முடிந்த அன்று காலை ஒன்பது மணிக்குப் புனிதவதியின் ஜீப் மில் களத்துக்குள் வந்தது. ஊரில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். புனிதவதி இறங்கினாரே தவிர வீட்டுப்பக்கம் போக அவருக்குக் கால் வரவில்லை. நல்லபெருமாள் அன்று தபாலுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் சந்தனம் ஜீப்பைப் பார்த்துவிட்டாள். உள்ளே போனாள். கொடியில் கிடந்த தன் பாவாடையையும் சட்டைகளையும் எடுத்து மடித்தாள். துண்டை நாலாக மடித்தாள். தட்டைக் கழுவி, துடைத்து, துணிகளுக்கு நடுவில் வைத்தாள். எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டி, வந்து ஜீப்பின் பின்கதவுப் பக்கம் நின்றாள். அழவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. வெளியே வேலைக்குப் போகிற பெரிய மனுஷி மாதிரி நின்றாள். உலகம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

தளவாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் துண்ட மடிச்சதப் பாத்தீரா," என்று பக்கத்தில் நின்ற பிச்சைக்கனியிடம் கேட்டார். "ஆறு வயசு. எத்தன தடவ மடிச்சிருந்தா இப்படிப் பழகியிருக்கும்."

தளவாய் மில்லுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். வீட்டுக்கு நேரே இருந்த சுவர்ப்பகுதிக்குப் போகவில்லை. களத்தைத் தாண்டி, சுவரின் வடக்குக் கடைசிக்கு, தன் அப்பா முதல் கல் வைத்த மூலைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓங்கிக் குத்தினார்.

சத்தம் கேட்டு எல்லோரும் அசையாமல் நின்றோம். அவர் இரண்டாவது குத்துக் குத்தினார். மூன்றாவது குத்துக்கு முன்னால், சுவரின் தெற்குக் கடைசியில், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கீழத்தெரு எப்போதிருந்து கடப்பாரையோடு தயாராக நின்றது என்று எங்களுக்குத் தெரியாது.

"இங்கயும் ஆரம்பிச்சாச்சு," என்று எஸ்தரின் குரல் சுவருக்கு மேலாக வந்தது.

பிறகு யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அரிவாள் பிடித்த கைகள், வேப்பிலை பிடித்த கைகள், பஸ்ஸில் விசில் ஊதுகிறவர்கள், சலூன் கடைக்காரர், லைன்மேன் அந்தோணி, எல்லோரும் சுவரில் இருந்தார்கள். எல்லோரும் என்று சொல்வது தப்பு. மேலத்தெருவில் பதினொரு வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன, இன்றைக்கும் தளவாயோடு அவர்கள் பேசுவதில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு, செங்கல் தூசிக்குள் சூரியன் சிவப்பாக இறங்கியபோது, அந்த இடத்தில் சுவர் இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் சுண்ணாம்பு படிந்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தாறு வருடமாக ஒரு பக்கமாகவே வீசிக்கொண்டிருந்த குளத்துக் காற்று, எங்கள் எல்லோருடைய உடம்பையும் தொட்டுக்கொண்டு கீழத்தெருவுக்குள் போயிற்று.

புனிதவதி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், "நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார்.

மறுநாள் விடியலில் ஊர் கண் இமைத்தது. திறந்தபோது வீடு பன்னிரண்டு அடி வந்து, எஸ்தரின் மேற்குச் சுவருக்கு எதிரே நின்றது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. அதற்கடுத்த நாள் விடியலிலும் காத்திருந்தோம். அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது. உலகம்மாள் பின்சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு இல்ல," என்றாள். நாங்களும் வைத்துப் பார்த்தோம். உலகத்தில் இருக்கிற எல்லாச் சுவரையும் போல அது குளிர்ந்திருந்தது. தான் வர வேண்டிய தூரம் வந்தாயிற்று என்று வீடு நினைத்துவிட்டது போல.

சந்தனம் அந்த இடுக்குக்குள் பக்கவாட்டாக நுழையப் பார்த்தாள். தோள் போகவில்லை.

அப்போது பொன்மாரி முதல் தடவையாக எங்கள் முன்னால் வாய் திறந்து பேசினாள். "மிச்சத்த நீங்க கட்டித் தரக்கூடாதா?" என்று கேட்டாள். குறிப்பாக யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

கொத்தனார் மீரான் மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். நல்லபெருமாள் தன் சுவரிலும் எஸ்தர் தன் சுவரிலும் கதவு அளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு சுவரும் திறக்கப்பட்டன. இடிந்து குவிந்து கிடந்த செங்கல்லில் நல்லதாகப் பார்த்துத் தளவாய் பொறுக்கிக் கொடுக்க, கீழத்தெருப் பெண்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவர, மீரான் இரண்டு பக்கமும் இடுக்கை அடைத்து, மேலே மூடி, கீழே அந்த ஒரு சாண் அகலத்துக்குப் படி கட்டிச் சிமெண்ட் பூசினார். புனிதவதி டேப்பை எடுத்து இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர்வரை, இரண்டு வீட்டுக்குமாக, ஒரே இழுப்பில் அளந்தார். அளந்து முடித்து, டேப்பைச் சுருட்டாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருந்தது.

"ஈரம் காயட்டும். அதுவரைக்கும் யாரும் மிதிக்கப்படாது," என்றார் மீரான்.

சந்தனம் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பொன்மாரி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நடுவே பூசிய சிமெண்ட் ஈரத்தில் பளபளத்தது. பார்வதி ஒரு முறத்தைக் கொண்டுவந்து மெதுவாக விசிறத் தொடங்கினாள். இரண்டு வாசலிலும், ஜன்னல்களிலும், சுவர் இருந்த இடத்திலும், களம்வரைக்கும் நாங்கள் நின்றோம். நிறம் முதலில் ஓரங்களில் வெளுத்தது, பிறகு நடுவில்.

மீரான் குனிந்து, கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். விரல் பதியவில்லை.

"வரலாம்," என்றார்.